பாசிக்கும் வெயில் வேண்டும்: கலங்கும் கடல் ஏன் கவலை தருகிறது

கடல் கெட்டுவிட்டதா என்று பார்க்கப் போகிறவர்கள் எண்ணெய்ப் படலத்தைத் தேடுவார்கள், பிளாஸ்டிக்கைத் தேடுவார்கள், நீரை எடுத்து ரசாயனச் சோதனைக்கு அனுப்புவார்கள். கடற்பாசிகளை ஆராய்வது என் தொழில் என்பதால் நான் முதலில் பார்ப்பது வெளிச்சத்தை. அடியில் இருக்கும் பாசிக்கு எவ்வளவு வெயில் போய்ச் சேருகிறது? நச்சு எதுவும் கலக்காத நீரிலும் பாசிப் படுகைகள் அழிவதுண்டு. வெளிச்சம் குறைந்தாலே போதும்.

சூரிய ஒளி நீருக்குள் இறங்க இறங்க ஒவ்வொரு நிறமாகக் கழிந்துகொண்டே போகும். சிவப்பு ஒளியின் பெரும்பகுதி முதல் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் தீர்ந்துவிடுகிறது. தெளிந்த நடுக்கடலில் நீலம்தான் அதிக ஆழம் போகும். கரையோரத்தில் நிலைமை வேறு. ஆறுகள் கொண்டுவரும் மட்கிய தாவரச் சாறு நீலத்தை உறிஞ்சிவிடுவதால் அங்கே ஆழத்துக்கு எட்டுவது பெரும்பாலும் பச்சை ஒளி. ஆனால் பச்சையம் நன்றாகப் பிடிப்பது நீலத்தையும் சிவப்பையும். பச்சை ஒளியை அது அவ்வளவாகத் தொடுவதில்லை.

இந்தக் குறையை ஈடுகட்டத்தான் துணை நிறமிகள். பழுப்புப் பாசிகளில் ஃபியூகோசாந்தின், சிவப்புப் பாசிகளில் பைக்கோஎரித்ரின். பச்சையம் தவறவிடும் ஒளியை இவை பிடித்து, அந்த ஆற்றலைப் பச்சையத்திடம் சேர்க்கின்றன. அப்புறம் நடப்பது எல்லாப் பாசிகளிலும் ஒன்றுதான்: நீர் மூலக்கூறு பிளந்து ஆக்சிஜன் வெளியேறுகிறது, கிடைத்த ஆற்றலில் கார்பன் சர்க்கரையாகிறது. ஆழத்தில் முங்கிப் பார்த்தால் சிவப்புப் பாசி கருப்பாகத்தான் தெரியும். டார்ச் அடித்தால்தான் அதன் செந்நிறம் கண்ணுக்குப் படும். வந்து சேர்கிற பச்சை ஒளியை அது விழுங்கிவிடுகிறது, திருப்பி அனுப்பச் சிவப்பு ஒளியோ அங்கே இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

மேலே பச்சைப் பாசி, நடுவில் பழுப்பு, அடியில் சிவப்பு என்று ஜெர்மானிய உயிரியலாளர் எங்கெல்மான் 1880களில் சொன்ன விளக்கம் பாடப்புத்தகங்களில் இன்னும் உலவுகிறது. கடல் அத்தனை ஒழுங்காக இல்லை. பச்சைப் பாசிகளும் ஆழத்தில் வளர்கின்றன. நிறத்தோடு ஒளியின் அளவும், பாசியின் தடிமனும், அதை மேயும் உயிர்களும் சேர்ந்துதான் எது எங்கே வளரும் என்று தீர்மானிக்கின்றன.

1984இல் பஹாமாஸ் அருகே 268 மீட்டர் ஆழத்தில் பாறையோடு ஒட்டிப் படர்ந்த ஒரு சிவப்புப் பாசியை ஆய்வாளர்கள் கண்டார்கள். மேற்பரப்பு ஒளியில் அங்கே எட்டுவது சுமார் 0.0005 சதவீதம். இதைக் கேட்டுவிட்டு, பாசி எந்த இருட்டிலும் பிழைத்துக்கொள்ளும் என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆபத்தான முடிவு. அந்த நீர் அபாரமாகத் தெளிந்தது, அந்தப் பாசியும் குறைந்த ஒளிக்கென்றே அமைந்தது. கெல்ப் எனப்படும் பெரிய பழுப்புப் பாசிகளுக்கு மேற்பரப்பு ஒளியில் சுமார் 1 சதவீதமாவது வேண்டும். பாசி இரவும் பகலும் சுவாசிக்கிறது. பகலில் சேர்க்கும் சர்க்கரை அந்தச் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் சேமிப்பைக் கரைத்தே வாழ வேண்டும். பாறையில் ஒட்டியிருப்பதால் வெளிச்சமுள்ள இடத்துக்கு நகரவும் முடியாது.

கடலைக் கலக்குவது நாம்தான். தூர்வாரும்போது வண்டல் கிளம்புகிறது. காடழிந்த மலைச்சரிவுகளிலிருந்து ஆற்றோடு மண் வருகிறது. இளம் பாசி முளைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. மெல்லிய சேற்றுப் படலமே அவற்றை மூடிவிடும். உரமும் கழிவுநீரும் செய்வது இன்னும் நயவஞ்சகமானது. மேற்பரப்பில் மிதக்கும் நுண்பாசிகள் பெருகி, கீழே இருப்பவற்றின் ஒளியை மறைத்துவிடுகின்றன. நீர் பச்சையாக இருப்பதைப் பார்த்துச் செழிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. அவை மொத்தமாக மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனும் குறைகிறது.

வெளிச்சத்தை அளப்பது கடினமும் இல்லை. 1865இலேயே இத்தாலிய வானியலாளர் செக்கி ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கிப் பார்த்தார். தட்டு கண்ணிலிருந்து மறையும் ஆழத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு வரை ஒளிச்சேர்க்கைக்குப் போதுமான ஒளி எட்டும் என்பது தோராயக் கணக்கு. கடலோரத் திட்ட அறிக்கை ஏதாவது உங்கள் கைக்கு வந்தால், கடலடியில் ஒளிமானி வைத்து அளந்தார்களா, எத்தனை வாரம் அளந்தார்கள் என்று பாருங்கள். ஒரு நாள் கலங்கலைப் பாசி தாங்கிவிடும். வாரக்கணக்கில் நீடித்தால் தாங்காது. வண்டல் பரவாமல் தடுப்புத் திரை கட்டுகிறார்களா, பாசி முளைக்கும் பருவத்தில் வேலையை நிறுத்தி வைப்பார்களா என்றும் கேளுங்கள்.