வலி அடங்கிய பிறகு

நெல்லைச் சீமையில் முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கத்து ஊர்களில் பகல் நேரத்தில் தெருவில் நடந்தால், திண்ணைதோறும் மடியில் பீடித் தட்டோடு குனிந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். நாள் முழுதும் குனிந்தே இருப்பதால் கழுத்தும் முதுகும் விட்டுப்போகும். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய வலி மாத்திரை ஒன்றை விழுங்கினால் அன்றைய வேலை ஓடும். அப்படியொரு வீட்டில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர், அதே மாத்திரையை மூட்டு வலிக்காகப் போட்டுக்கொள்பவர், பீடி பிடிக்கும் பழக்கமும் உள்ளவர், விடியற்காலை நான்கு மணிக்கு மேல்வயிற்றில் கத்தி இறங்கியது போன்ற வலியோடு எழுந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாயு பிடித்திருக்கும் என்று ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுக்கிறார்கள், பிறகு சோடா, எட்டு மணிக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் ஊசி. பதினொரு மணி வாக்கில் வலி குறைகிறது, வீட்டார் பெருமூச்சு விடுகிறார்கள். அவசர வயிற்று அறுவைச் சிகிச்சைக்குப் போகும் ஒருவர் பிழைப்பாரா என்பதில் அந்தப் பெருமூச்சுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவருக்கு நேர்ந்தது இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலின் முன்சுவரில் விழுந்த ஓர் ஓட்டை. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர்கூட இராது. இரைப்பையில் சுரக்கும் அமிலம் தன் சுவரையே அரித்துவிடாமல் ஒரு சளிப் படலம் காக்கிறது. அந்தப் படலம் ஊறுவதற்குப் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் தேவை. வலி மாத்திரைகளில் பல, வலியைக் குறைப்பதே புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்துத்தான் என்பதால், மூட்டுக்கு நன்மை செய்யும் அதே செயலால் குடலின் காப்பைக் கழற்றிவிடுகின்றன. இதனோடு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் புகையும் சேர்ந்தால் புண் ஆழமாகி ஒருநாள் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. 1982இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இக்கிருமியைக் கண்டறியும்வரை (2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது) காரத்தையும் கவலையையுமே உலகம் குறை சொல்லிக்கொண்டிருந்தது. நம் தென்கோடியில் குடற்புண் நெடுங்காலமாகவே மிகுதி. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறிய சாமர்வெல் என்ற ஆங்கில மருத்துவர், பிறகு கன்னியாகுமரிப் பக்கம் நெய்யூரில் தங்கிப் பல ஆண்டுகள் செய்தவற்றுள் பெரும்பகுதி இரைப்பை, முன்சிறுகுடல் அறுவைகள்தாம்.

வயிற்றறையின் உட்புறத்தையும் குடல்களையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்குப் பெரிட்டோனியம் என்று பெயர். ஓட்டை வழியே அமிலம் அதன்மேல் பட்டதும் ஏற்படும் வலியில் வயிற்றுத் தசைகள் தாமாகவே இறுகி, கையை வைத்தால் பலகையைத் தொடுவது போல் ஆகிவிடுகின்றன. அசைந்தால் வலி கூடும் என்பதால் நோயாளி புரளமாட்டார், மூச்சைக்கூட மேலோட்டமாகவே விடுவார். சிறுநீரகக் கல் வலியில் உருண்டு புரள்பவருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாட்டை வாசலில் நின்றே காணலாம். சிலருக்குத் தோள்பட்டை வலிக்கும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உணரும் நரம்பும் தோள்முனையை உணரும் நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து புறப்படுவதால், எரிவது எங்கே என்பதில் மூளை தடுமாறுகிறது. தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் வீடுகளும் உண்டு.

அமிலத்தால் வெந்த பெரிட்டோனியம் நீரைக் கசியவிடும். அந்நீர் அமிலத்தைக் கரைத்து அதன் வீரியத்தைக் குறைப்பதால், சில மணி நேரம் கழித்து வலி தணிகிறது. நோய் தணிந்ததாக இதற்குப் பொருள் இல்லை. சோடாவோ ஊசியோ கேட்டுவிட்டது என்று நம்பும் அந்த இடைவேளையில், உள்ளே கசிந்த நீரும் உணவும் கிருமிகள் பெருகும் குட்டையாக மாறிக்கொண்டிருக்கின்றன. வயிறு அப்போதும் பலகையாகவே இருக்கும். தொட்டுப் பார்க்க ஒருவர் இருந்தால் தெரிந்துவிடும். மாலையில் வயிறு உப்பி, நாடி விரைந்து, கைகால் சில்லிட்டு அவர் மறுபடி படுக்கும்போது வயிற்றறை முழுவதும் சீழ் பிடிக்கத் தொடங்கியிருக்கும்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிட்டோனியத்தை விரித்தால் அதன் பரப்பு ஏறத்தாழ 1.7 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட நம் தோலின் பரப்பு. அழற்சியால் அது ஒரே ஒரு மில்லிமீட்டர் தடித்தால்கூட, அத்தடிப்புக்குள் அடங்கும் நீர் 1.7 லிட்டர். அவ்வளவும் ரத்தத்திலிருந்து வந்தது. உடம்பை விட்டு ஒரு சொட்டும் வெளியேறாமலே ரத்த ஓட்டம் வற்றுகிறது, சிறுநீர் குறைகிறது, சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. உதரவிதானத்தின் அடிப்புறத்திலுள்ள நுண்துளைகள் வயிற்றறை நீரை உறிஞ்சி நிணநீர் வழியே ரத்தத்துக்கு அனுப்புவதால், கிருமிகளும் அதே வழியில் உடல் முழுதும் பரவுகின்றன.

பெரிய மருத்துவமனையில் முதலில் நடப்பவை மிக எளியவை. வலப்புறக் கீழ் விலா எலும்புகளின்மேல் விரலால் தட்டினால், கீழே ஈரல் இருப்பதால் மந்தமான ஓசை கேட்க வேண்டும். அங்கே மத்தளம் போல் ஒலித்தால் ஈரலுக்கு மேல் காற்று ஏறிவிட்டது என்று பொருள். சிறிது நேரம் நிமிர்த்தி உட்காரவைத்து எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் அந்தக் காற்று, உதரவிதானத்துக்கும் ஈரலுக்கும் நடுவே மூன்றாம் பிறை போன்ற கறுப்புக் கீற்றாகத் தெரியும். எல்லா நோயாளிகளின் படத்திலும் அது தெரிவதில்லை, ஐயம் இருந்தால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். உடனே இரு கைகளிலும் டிரிப்ஸ், மூக்கு வழியே இரைப்பைக்குக் குழாய், சிறுநீர்க் குழாய், கிருமிக்கொல்லி ஊசி என்று தொடங்கிவிடும். அறுவை அரங்கு தயாராகும்வரை சும்மா காத்திருப்பது போல் உறவினர்களுக்குத் தோன்றும் அந்த ஓரிரு மணி நேரத்தில், வற்றிய ரத்த ஓட்டம் மீட்கப்படுகிறது.

மயக்க மருந்து கொடுப்பவர் தலைமாட்டில் வந்து கேட்பார்: “அண்ணாச்சி, கடைசியா என்ன சாப்ட்டிய? எத்தன மணிக்கு?” மனைவி முந்திக்கொண்டு சொல்வார்: “ஒண்ணுமே சாப்பிடலம்மா, அவிய சோடா மட்டுந்தான் குடிச்சாவ.” குடல் இயக்கம் நின்றுபோன வயிற்றில் அந்தச் சோடாவும் ஓமத் தண்ணீரும் அப்படியே கிடக்கும், மயக்கம் ஏறும் நொடியில் அது எதிர்க்களித்து நுரையீரலுக்குள் இறங்கினால், குடலில் தொடங்கிய நோய் நெஞ்சுக்கும் வந்துவிடும். நல்லெண்ணத்தோடு கொடுக்கப்படும் சோடாவைப் பற்றி நான் இத்தனை முறை பேசுவதற்கு இதுவே காரணம்.

அறுவை, பார்க்கப்போனால், இந்தக் கதையின் மிகத் தெளிவான பகுதி. நடுக்கோட்டில், தொப்புளை ஒட்டிச் சுற்றி, வயிற்றைத் திறக்கிறார்கள். பித்தம் கலந்த நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, இரைப்பையின் வழியே விரலை ஓட்டிக்கொண்டு போனால் ஓட்டை அகப்படும். சுற்றிலும் தசை ஊறி, நைந்த துணி போல் இருப்பதால் இழுத்துத் தைத்தால் கிழியும். ஆகவே மூன்று நான்கு தையல்களைப் போட்டு, முடிச்சிடாமல் விட்டு, குடல்களின்மேல் திரைபோலத் தொங்கும் ஒமெண்டம் என்னும் கொழுப்பு மடிப்பிலிருந்து ஒரு நாக்கை இழுத்து ஓட்டையின்மேல் வைத்து, அதன்மேல் முடிச்சுகளை மெல்ல இடுகிறார்கள். ரத்த ஓட்டமுள்ள அந்தக் கொழுப்பு சில நாட்களில் ஓட்டையோடு ஒட்டிக்கொள்ளும். கனடா நாட்டு மருத்துவர் ரோஸ்கோ கிரஹாம் 1937இல் விவரித்த முறையிலிருந்து இது பெரிதாக மாறவில்லை. பிறகு வெதுவெதுப்பான உப்பு நீரை லிட்டர் கணக்கில் விட்டு அலசி, வடிகுழாய் வைத்து மூடுகிறார்கள்.

வயிற்றை அவசரமாகத் திறக்க வேறு காரணங்களும் உண்டு. குடலிறக்கம் சிக்கிக்கொள்வது, குடல் முறுக்கிக்கொள்வது, டைபாய்டில் சிறுகுடல் துளைபடுவது ஆகியவை பொதுவானவை. திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காடுகளில் பனையேறிகள் தவறி விழும்போது, மண்ணீரல் கிழிந்து ரத்தம் கொட்டினால் அது விரைவில் வெளிப்படும். குடல் கிழிந்திருந்தாலோ முதல் நாள் பெரிய வலியின்றி மறுநாள்தான் தன்னைக் காட்டும். விழுந்தவர் எழுந்து நடந்தார் என்பது போதிய சான்று இல்லை.

இனி முடிவுகளைப் பற்றி. பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் 1,853 நோயாளிகளைத் தொடர்ந்து, 2012இல் வெளியான ஆய்வில், அவசரமாக வயிறு திறக்கப்பட்டவர்களுள் 14.9 விழுக்காட்டினர் 30 நாட்களுக்குள் இறந்திருந்தனர். 80 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அது 24.4 விழுக்காடு. மருத்துவமனைக்கு மருத்துவமனை 3.6 முதல் 41.7 விழுக்காடுவரை வேறுபட்டது. சிறிய எண்ணிக்கையால் வந்த தற்செயலை ஒதுக்கினாலும் அந்த இடைவெளி பெரிது. 2013இல் இங்கிலாந்தும் வேல்ஸும் இத்தகைய அறுவை ஒவ்வொன்றையும் பதிவுசெய்யத் தொடங்கின. சுமார் 12 விழுக்காடாக இருந்த இறப்பு சில ஆண்டுகளில் 10க்குக் கீழே இறங்கியது. புதிய கருவி எதனாலும் வந்த மாற்றம் அன்று அது: விரைவான ஸ்கேன், மூத்த மருத்துவரின் வருகை, அறுவைக்குப் பின் தீவிர சிகிச்சைப் படுக்கை. ஆனால் அதே நாட்டில் 93 மருத்துவமனைகளில் இவற்றைத் திட்டமிட்டுப் புகுத்திப் பார்த்த பெரிய சோதனை ஒன்று, 2019இல், 90 நாள் இறப்பில் மாற்றமே இல்லை என்று கண்டது. என்ன செய்ய வேண்டும் என்பதை அறிவது எளிது; நள்ளிரவு இரண்டு மணிக்கு அதை நடத்திக்காட்டுவது வேறு வேலை என்றே நான் இதைப் படிக்கிறேன்.

நம்மை நேராகத் தொடும் எண் டென்மார்க்கிலிருந்து வருகிறது. ஓட்டை விழுந்த குடற்புண் நோயாளிகள் 2,668 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியான கட்டுரை, மருத்துவமனைக்கு வந்தபின் அறுவை தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உயிர்பிழைக்கும் வாய்ப்பு 2.4 விழுக்காடு குறைவதாகக் கணித்தது. அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது மருத்துவமனை வாசலில். நம் பீடித் தொழிலாளியின் வீட்டில் விடியற்காலை நான்கு மணிக்கே தொடங்கிவிட்ட கடிகாரம் அதில் சேரவில்லை. 2008 முதல் தமிழகத்தில் ஓடும் 108 வண்டி பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் நேரத்தைக் கணக்கிட்டுவிடலாம். அழைப்பதற்கு முன் கழிந்த நேரத்துக்குக் கணக்கு இல்லை.

அறுவை முடிந்தபின் முதல் மூன்று நாட்களில் நுரையீரலும் சிறுநீரகமும் கவலைக்குரியவை. புண் வலிக்குப் பயந்து இருமாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும். அதனால்தான் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமச் சொல்கிறார்கள், மறுநாளே பிடித்து எழுப்பி நடக்கவைக்கிறார்கள். ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் “கேஸ் போச்சா?” என்று கேட்பதில் வேடிக்கை ஏதும் இல்லை; குடல் மீண்டும் இயங்கத் தொடங்கியதற்கு அதைவிட மலிவான சோதனை கிடையாது. ஐந்தாம் நாளுக்கு மேல் கட்டுத்துணியில் வெளிர்சிவப்பு நீர் திடீரென ஊறினால், உள்தையல் விடுகிறது என்று பொருள். தோல் ஒட்டியிருக்கிறதே என்று காத்திருக்கலாகாது. மாதங்கள் கழித்துத் தழும்பின் வழியே குடல் பிதுங்குவது இன்னொரு தொல்லை என்பதால், தண்ணீர்க் குடம், உர மூட்டை போன்றவற்றைத் தூக்குவதைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஹெலிகோபாக்டர் கிருமிக்கான மாத்திரைகளைப் பத்துப் பதினான்கு நாட்களுக்கு எழுதித் தருவார்கள். வயிறு சரியாகிவிட்டதே என்று பாதியில் நிறுத்துபவர்கள் பலர். கிருமி ஒழியாவிட்டால் புண் திரும்பி வரும் வாய்ப்பு மிக அதிகம். பீடியை விட வேண்டும். அடுத்த முறை மூட்டு வலி என்று மருந்துக் கடைக்குப் போகும்போது, டிஸ்சார்ஜ் சீட்டையும் கையோடு எடுத்துப்போய் நீட்ட வேண்டும். அதைப் பார்த்த கடைக்காரர் பாரசிட்டமாலைத் தவிர வேறு பட்டையை எடுக்கத் தயங்குவார்.