"நடவுங்கோ" என்றால் எவ்வளவு?

மாமிக்கு மார்புப் புற்றுநோய்க்குக் கீமோ நடந்துகொண்டிருந்த நேரம், "தினமும் கொஞ்சம் நடவுங்கோ அம்மா, நல்லது" என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பினார்கள். நல்ல ஆலோசனைதான். மாமி அடுத்த நாள் காலையிலேயே டச் பே கடற்கரையில் இறங்கி நடந்தார், பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கி மணலிலேயே குந்திவிட்டார். இதே பத்து நிமிடம் தார் ரோட்டில் என்றால் அவ்வளவு களைத்திருக்க மாட்டார். இறுகாத மணலில் கால் புதையும், ஒவ்வோர் அடிக்கும் மணலைத் தள்ளவே பாதிப் பலம் போய்விடும், அதனால் அதே வேகத்தில் நடக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி வேண்டும்.

அன்றைக்குக் கொடுத்த மருந்துத் துண்டில் எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாளைக்கு என்று எல்லாம் இருந்தது. உடற்பயிற்சிக்கு மட்டும் ஒற்றைச் சொல்.

ஆய்வுக் கட்டுரைகளிலும் இதே குறை உண்டு. "நோயாளிகள் 12 வாரம் மேற்பார்வையுடன் பயிற்சி செய்தார்கள், களைப்பு குறைந்தது" என்று எழுதியிருக்கும். சரி, அதை வாசிக்கும் திருகோணமலை பிசியோ ஒருவர் நாளைக்குத் தன் நோயாளிக்கு என்ன செய்யச் சொல்லுவார்? பலன் கிடைக்காத ஆய்வு என்றால் இன்னும் சிக்கல், பயிற்சிதான் பயனற்றதா, அளவு போதவில்லையா, அல்லது ஆட்கள் செய்யவே இல்லையா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

இதற்காகத்தான் 2016இல், பயிற்சி ஆய்வுகளை எழுதுவோருக்கென்று 'செர்ட்' (CERT) என்ற 16 அம்சப் பட்டியல் வந்தது. என்ன கருவி, யார் சொல்லிக் கொடுத்தார், தனியாகவா குழுவாகவா, எந்த இடத்தில், எந்த மட்டத்தில் தொடங்கி எப்போது எப்படிக் கூட்டினார்கள், ஏதாவது பாதிப்பு வந்ததா என்பதையெல்லாம் எழுதச் சொல்கிறது. எவ்வளவு கடினமாக என்பதுதான் பலரும் கோட்டைவிடும் இடம். அதைச் சொல்ல 'போர்க்' அளவுகோல் இருக்கிறது, 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இனி ஏலாது. இன்னும் எளிய வழியும் உண்டு: நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது நடுத்தர உழைப்பு.

தெளிவாக எழுதினால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2025இல் வெளியான 'சேலஞ்ச்' ஆய்வைச் சொல்லலாம். பெருங்குடல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேர். ஒரு பாதிக்கு ஆரோக்கிய அறிவுரை நூல்கள் மட்டும், மறு பாதிக்கு மூன்று வருட உடற்பயிற்சித் திட்டம். எட்டு வருடத்தில் உயிரோடிருந்தவர்கள் பயிற்சிப் பக்கம் 90.3 வீதம், மற்றப் பக்கம் 83.2 வீதம். அவர்கள் "நடவுங்கோ" என்று சொல்லி விட்டுவிடவில்லை, ஏற்கெனவே செய்வதற்கு மேல் கிழமைக்கு 10 மெட்-மணி என்று இலக்கு வைத்தார்கள். சும்மா இருக்கும்போது உடல் செலவழிப்பது 1 மெட், விறுவிறு நடை ஏறக்குறைய 4, அதைச் செய்த மணிகளால் பெருக்கினால் மெட்-மணி. அப்படியானால் கிழமைக்கு இரண்டரை மணி நேரம் கூடுதல் நடை, இதை உப்புவெளியிலும் செய்யலாம், கிண்ணியாப் பாலத்திலும் செய்யலாம்.

என்னைக் கேட்டால், அந்த 16இல் மிக முக்கியமானது திட்டமிட்டதில் எவ்வளவு உண்மையில் நடந்தது என்பதுதான். கீமோ ஏற்றிய கிழமையும் அடுத்த கிழமையும் ஒரே உடம்பு இல்லை. வாந்தி இருக்கும், பாதம் மரத்துப்போகும், இரத்த அணுக்கள் குறையும். "வாரம் மூன்று நாள், 30 நிமிடம்" என்று திட்டத்தை மட்டும் அச்சடித்து, அதில் பாதியைத்தான் செய்தார்கள் என்பதை விட்டுவிட்டால், பலன் எந்த அளவுக்குக் கிடைத்தது என்பதே பிழையாகிவிடும்.

பிறகு ஒரு பிசியோ அக்கா மாமியிடம் 80 பக்கக் கொப்பி ஒன்றைக் கொடுத்து, செய்யாத நாளையும் எழுதச் சொன்னார். ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: "திட்டம் 20 நிமிடம். நடந்தது 8. தார் ரோட்டு, காலை ஆறரை. கீமோ போட்டு மூன்றாம் நாள். கால் மரத்தது, மதிலைப் பிடித்துத் திரும்பினேன்."