திமிங்கல எச்சத்தைக் கையில் எடுக்கும் முன்

வக்கீலாக நான் எந்தத் திமிங்கல எச்ச வழக்குக் கட்டைப் பிரித்தாலும் மகஜர், அதாவது பிடிபட்ட இடத்திலேயே எழுதும் பறிமுதல் பதிவு, ஏறக்குறைய ஒன்றுதான். மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு லாட்ஜ் அறை, இல்லையென்றால் நான்குவழிச் சாலையோரம் ஒரு கார். டிராவல் பேக்குக்குள் துண்டு, துண்டுக்குள் பாலிதீன் கவர், கவருக்குள் சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி ஒரு கட்டி. இதைத்தான் ஊரில் 'திமிங்கல வாந்தி' என்கிறார்கள். பிடிபட்டவர்கள் யாரென்று பார்த்தால் டிரைவர், ரியல் எஸ்டேட் புரோக்கர், சும்மா துணைக்குப் போன மச்சான். கடலில் கால் நனைத்தவர்கூட அதில் இருக்க மாட்டார். இன்னொரு குடும்பம் தாலியை அடகு வைத்துவிட்டு ஜாமீனுக்காக ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் ஹைகோர்ட்டுக்கு அலைவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

"வெறும் வாந்திதானே சார், திமிங்கலத்தை நாங்களா கொன்னோம்?" இதைக் கேட்காத கட்சிக்காரர் இல்லை.

முதலில், அது வாந்தியே இல்லை. எண்ணெய்த் திமிங்கலம், அதாவது ஸ்பெர்ம் வேல், ஆயிரம் மீட்டருக்கும் கீழே முங்கிப் போய்க் கணவாய் தின்னும் பிராணி. கணவாயின் அலகு கிளிமூக்கு மாதிரி வளைந்து கெட்டியாக இருக்கும்; செரிக்காது. பெரும்பாலான அலகுகளைத் திமிங்கலம் வயிற்றிலிருந்தே கக்கிவிடும். உண்மையான வாந்தி அதுதான், அதை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. தப்பிக் குடலுக்குள் இறங்கிவிடும் அலகுகளைச் சுற்றி மெழுகுப் பொருள் படிந்து இறுகினால் அம்பர். சித்த மருத்துவத்தில் மீனம்பர் என்பார்கள். நூறு திமிங்கலங்களில் ஒன்று முதல் ஐந்துக்குள்தான் இது உருவாகும் என்பது பொதுவான கணிப்பு. கழிவோடு வெளியேறிக் கடலில் மிதந்தும் வரலாம், திமிங்கலத்தின் வயிற்றை அறுத்தும் எடுக்கலாம். பையில் இருக்கும் கட்டியைப் பார்த்து இது மிதந்து வந்தது, இது அறுத்து எடுத்தது என்று சொல்ல முடியாது. அதனால்தான் "நாங்களா கொன்னோம்" என்ற கேள்வி உங்களைக் காப்பாற்றுவதில்லை.

எண்ணெய்க்காக இரண்டு நூற்றாண்டுக்கு மேல் வேட்டையாடப்பட்ட இனம் இது. வணிக வேட்டைக்கு உலக அளவில் தடை வந்தது 1986-இல்தான். பெண் திமிங்கலம் 14 முதல் 16 மாதம் வரை சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்கு நான்கு வருடத்துக்கு மேல் ஆகும். இழந்த எண்ணிக்கை சீக்கிரம் திரும்பி வராது. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைக் கணக்கிடும் சர்வதேச சிவப்புப் பட்டியலில் இன்றும் 'அழிய வாய்ப்புள்ள இனம்' என்றே இருக்கிறது.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் கடலில் உள்ள திமிங்கலங்கள், ஓங்கில்கள் (டால்பின்கள்) எல்லாம் இப்போது அட்டவணை 1-இல். புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். சில நாடுகளில் கரையில் கிடப்பதை எடுத்து விற்கலாம் என்பது உண்மைதான். இங்கே வைத்திருந்தாலும், விற்றாலும், வண்டியில் ஏற்றினாலும் வழக்குதான்.

துணைக்குப் போனவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். பொருள் உங்கள் வசம் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால், அது சட்டவிரோதமானதல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு இதே சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி உங்கள் தலையில். போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்ற தைரியத்தில் வனத்துறையிடமும் பேசாதீர்கள். உதவி வனப் பாதுகாவலர் பதவிக்குக் குறையாத அதிகாரி உங்கள் முன்னிலையில் முறைப்படி பதிவு செய்யும் சாட்சியம் விசாரணையில் ஏற்கப்படும். காரும் வழக்குச் சொத்தாகிவிடும். தவணை பாக்கியிருந்தால் அதையும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

'ஒரு கோடி மதிப்பு' என்று செய்தி போடும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த விலையைப் போடாதீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்தவர் பையைத் தூக்குகிறார். சூடான ஊசியைக் குத்தினால் உருகுகிறதே, அசல்தான் என்று நம்பி அட்வான்ஸ் கொடுப்பவர்களும் உண்டு. பாரஃபின் மெழுகும்தான் உருகும். ஏமாந்த பணத்துக்கு எந்த ஸ்டேஷனில் போய் என்னவென்று புகார் எழுதுவீர்கள்?

எலும்பு விஷயமும் இப்படித்தான். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு கரையோரம் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. பாதிக்கு மேல் செத்தன. இந்த இனத்துக்கு உலகப் பட்டியலில் ஆபத்து குறைவு என்றுதான் போட்டிருக்கிறது. அதை நம் சட்டத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இங்கே அதுவும் அட்டவணை 1. தனுஷ்கோடிக்கு டூர் போன இடத்தில் மணலில் முதுகெலும்புத் துண்டு ஒன்று கிடந்தால், அழகாக இருக்கிறதென்று ஷோகேஸுக்கு எடுத்து வராதீர்கள்.

கரையில் சந்தேகமான கட்டியோ எலும்போ கண்ணில் பட்டால் தொட வேண்டாம். கிடக்கும் இடத்திலேயே படம் எடுத்து, பக்கத்து வனத்துறை அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ சொல்லுங்கள். விலை கேட்டு அந்தப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள், பின்னால் அதுவே சாட்சியாகும். தெரியாமல் எடுத்துவிட்டீர்களா? 39-ஆம் பிரிவின்படி அது அரசு சொத்து. 48 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். மதுரைக்குக் கொண்டுவந்து யோசிக்கலாம் என்று பஸ் ஏறாதீர்கள். ராமநாதபுரத்திலேயே மன்னார் வளைகுடா வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் இருக்கிறது. எங்கே, எப்போது, எப்படிக் கிடைத்தது என்று ஒரு பக்கத்துக்கு எழுதிப் பொருளோடு கொடுங்கள். தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகையைக் கையில் வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள், அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டிலும் வையுங்கள்.