சிகரெட்டே பிடிக்காத 35 வயதுக்காரருக்கு நுரையீரல் புற்றுநோய் எப்படி வருகிறது?

நுரையீரல் புற்றுநோய் என்று சொன்னதுமே ‘சிகரெட் பழக்கம் உண்டா?’ என்றுதான் கேட்பார்கள். 70 வயதுக்காரரிடம் கேட்டால் சரி, ஆனால் 35 வயதில் இந்த நோய் வருபவர்களில் பலர் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. பல வருடப் புகை மரபணுக்களில் எக்கச்சக்கமான கோளாறுகளைச் சேர்த்து வைக்கும். இளவயதுக்காரர்களின் கட்டியிலோ பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய கோளாறுதான் நோயையே நடத்துகிறது.

உதாரணத்துக்கு ஏஎல்கே. கருவில் நரம்பு மண்டலம் உருவாகும்போது வேலை செய்துவிட்டு, பெரியவர்களின் நுரையீரலில் சும்மா கிடக்கும் மரபணு இது. 2-ஆம் குரோமோசோமில் இதற்குக் கொஞ்சம் தள்ளி இஎம்எல்4 என்று இன்னொன்று இருக்கிறது. நடுவில் உள்ள துண்டு உடைந்து தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டால் இரண்டும் இணைந்து ஒரே மரபணுவாகிவிடும். அப்புறம் அதிலிருந்து வரும் புரதங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஒன்றையொன்று தூண்டி, ‘பெருகு, பெருகு’ என்று செல்லை விரட்டிக்கொண்டே இருக்கும். இது பிறந்த பிறகு கட்டியில் மட்டும் நேர்வது, பிள்ளைகளுக்குப் போகாது. (பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்றுதான் பலரும் பயப்படுவார்கள்.)

ஜப்பானில் ஹிரோயுகி மானோவின் குழு 2007-ல் இந்த இணைப்பைக் கண்டுபிடித்தது. 2011-லேயே அமெரிக்காவில் இந்தப் புரதத்தை அடக்கும் கிரிசோடினிப் மாத்திரைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. வேறொரு புரதத்தைக் குறிவைத்துத் தயாரித்த மருந்து அது!

பயாப்ஸியில் எடுத்த சதையிலேயே இதைப் பார்த்துவிடலாம். ஏஎல்கேயின் இரு பக்கமும் சிவப்பு, பச்சை என ஒளிரும் சாயம் ஏற்றுவார்கள். மரபணு முழுசாக இருந்தால் இரண்டும் ஒட்டி மஞ்சளாகத் தெரியும், உடைந்திருந்தால் தனித்தனிப் புள்ளிகள்.

அப்படியானால் இளவயதுக்காரர்கள் நன்றாகப் பிழைக்க வேண்டுமே? பாஸ்டனில் 2,200-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2016-ல் வெளியான முடிவு வேறு மாதிரி இருந்தது. மருந்துக்கு மடங்கும் கோளாறுகள் இளையவர்களிடம்தான் அதிகம், ஆனாலும் 40 வயதுக்குக் கீழே இருந்தவர்களின் ஆயுள் 70 தாண்டியவர்களைப் போலவே குறைவு. இந்த வயதில் யாரும் புற்றுநோயைச் சந்தேகிப்பதில்லை, நம் ஊரில் இருமலுக்கு டிபி மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும், கண்டுபிடிக்கும்போது பலருக்கு நோய் பரவியிருக்கும். ஏஎல்கே வகை மூளைக்கும் அடிக்கடி போகிறது, கிரிசோடினிப் அங்கே சரியாக எட்டாது. மூளைக்குள் நுழையும்படியே வடிவமைத்த லோர்லாடினிப்பை முதல் மருந்தாகக் கொடுத்த ஆய்வில், ஐந்து வருடம் கழித்தும் 60 சதவீதம் பேருக்கு நோய் முற்றவில்லை. கிரிசோடினிப்பில் அது 8 சதவீதம்தான்.