வளைவைப் பார்க்காதீர்கள், அகலத்தைப் பாருங்கள்: ஓடுவதற்கான ஷூவைத் தேர்ந்தெடுக்கும் அறிவியல்

மிதமான வேகத்தில் ஓடுபவரின் கால்கள் நிமிடத்துக்கு 160 முதல் 180 முறை தரையைத் தொடுகின்றன. ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை ஒற்றைக் காலில் இறங்குகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது சுமார் 150 கிலோ. ஐந்து கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் இது ஐயாயிரம் முறைக்கு மேல் நடந்துவிடும்.

இந்த அதிர்வையெல்லாம் ஷூவின் மெத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்றுதான் விளம்பரங்கள் சொல்கின்றன. அது பாதி உண்மை. ஓடும்போது கால் ஒரு சுருள்வில்லைப் போல் இயங்குகிறது, அந்த வில்லின் விறைப்பை நரம்பு மண்டலம் ஒவ்வொரு அடிக்கும் சரிசெய்துகொண்டே இருக்கிறது. தரை மெத்தென்று இருந்தால் கால் விறைத்துக்கொள்ளும். தரை கெட்டியாக இருந்தால் முழங்காலும் கணுக்காலும் சற்றுக் கூடுதலாக மடங்கும். 1990களில் டேனியல் ஃபெரிஸ், கிளேர் ஃபார்லி ஆகிய ஆய்வாளர்கள் வெவ்வேறு விறைப்புள்ள தளங்களில் ஆட்களை ஓடவிட்டு இதை அளந்து காட்டினார்கள். 2018ல் பின்லாந்து ஆய்வாளர்கள் வழக்கமான ஷூவையும் மிகத் தடித்த மெத்தையுள்ள ஷூவையும் ஒப்பிட்டார்கள். மணிக்கு 14.5 கிலோமீட்டர் வேகத்தில் தடித்த ஷூ அணிந்தபோதுதான் தரைமோதலின் உச்ச விசை அதிகமாக இருந்தது. கால் அந்த அளவுக்கு விறைத்துக்கொண்டுவிட்டது.

இதைக் கேட்டு மெத்தையே வீண் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 2020ல் வெளியான லக்ஸம்பர்க் ஆய்வில் 848 பேருக்குத் தோற்றத்தில் ஒரே மாதிரியான, மென்மையில் மட்டும் வேறுபட்ட ஷூக்களைக் கொடுத்து ஆறு மாதம் கவனித்தார்கள். கெட்டியான ஷூ அணிந்தவர்களுக்குக் காயங்கள் அதிகம். ஆனால் அந்த வித்தியாசம் முக்கியமாக எடை குறைந்தவர்களிடம்தான் தெரிந்தது. "எனக்கு எடை அதிகம், அதனால் இருப்பதிலேயே தடித்த ஷூ கொடுங்கள்" என்று கேட்பதற்கு இதில் ஆதாரம் இல்லை.

அந்த மெத்தை என்பது அடிப்பாகத்துக்கும் பாதத்துக்கும் நடுவில் இருக்கும் நுரை. மலிவான, நடுத்தர விலை ஷூக்களில் பெரும்பாலும் ஈ.வி.ஏ. என்ற நுரை இருக்கும். கோடிக்கணக்கான நுண்குமிழிகளில் அடைபட்ட வாயுதான் அதன் மெத்தைத்தனம். மிதிக்கும்போது குமிழிகள் நசுங்கி, காலை எடுத்ததும் விரிகின்றன. நசுக்கியபோது உள்ளே போன ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை, ஒரு பங்கு வெப்பமாகிவிடும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில் ஈ.வி.ஏ. வகை ஷூ ஏறக்குறைய 66 சதவீதமும், அடிடாஸின் பூஸ்ட் நுரை ஷூ 76 சதவீதமும், நைக்கியின் பீபா நுரை ஷூ 87 சதவீதமும் ஆற்றலைத் திருப்பித் தந்தன. 18 ஓட்டக்காரர்களை வைத்து நடந்த அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது நைக்கிதான் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த பீபா ஷூ ஓடுவதற்கான ஆற்றல் செலவை நான்கு சதவீதம் குறைத்தது. இந்த வகை ஷூக்கள் பந்தயங்களைப் புரட்டிப்போட்ட பிறகு, சாலைப் பந்தய ஷூவின் அடித்தடிமன் 40 மி.மீட்டரைத் தாண்டக்கூடாது, உள்ளே ஒரு விறைப்புத் தகட்டுக்கு (பெரும்பாலும் கார்பன்) மேல் இருக்கக்கூடாது என்று உலகத் தடகள அமைப்பு 2020ல் விதி போட்டது. இப்போதுதான் ஓடத் தொடங்குபவருக்குக் கார்பன் தகடு தேவையில்லை. அத்தகைய ஷூவுக்கு மாறிய சில ஓட்டக்காரர்களுக்கு நடுப்பாதத்தின் படகெலும்பில் அழுத்த முறிவு ஏற்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அடுத்து உயர வித்தியாசம். குதிகாலுக்குக் கீழுள்ள தடிமனிலிருந்து முன்பாதத்துக்குக் கீழுள்ள தடிமனைக் கழித்தால் வருவதைக் கடைகளில் டிராப் என்பார்கள். சந்தையில் இது சுழியத்திலிருந்து 12 மி.மீட்டர் வரை இருக்கும். டிராப் கூடினால் முழங்காலுக்குக் கூடுதல் வேலை, குறைந்தால் கெண்டைத்தசைக்கும் குதிகால் நாணுக்கும் கூடுதல் வேலை. சுமை எங்கும் மறைந்துபோவதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்கிறது. ஆகவே எந்த டிராப் நல்லது என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. உங்களுக்கு முன்பு எங்கே வலித்தது என்பதைப் பொறுத்தது அது. முழங்கால் முன்புறம் வலிப்பவர் குறைந்த டிராப்பை நிதானமாக முயன்று பார்க்கலாம். குதிகால் நாண் வலி உள்ளவர் 10 மி.மீட்டரை விட்டு இறங்காமல் இருப்பதே நல்லது.

இங்கே உண்மையான ஆபத்து திடீர் மாற்றம். அமெரிக்காவில் ஒரு குழுவினரைப் பத்து வாரங்களில் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்த மெல்லிய ஷூவுக்குப் பழக்கினார்கள். 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்புகளுக்குள் வீக்கம் கூடியிருந்தது எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. தசை சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் நாணுக்கும் மாதங்கள் வேண்டும். புதுவகை ஷூ வாங்கினால் முதல் வாரம் வழக்கமான தூரத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் அதில் ஓடுங்கள், மீதியைப் பழையதிலேயே ஓடிவிட்டு, வாராவாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

இனி, பல கடைகளில் முதலில் பார்க்கப்படும் விஷயம்: பாதத்தின் வளைவு. ஈரப் பாதத்தைத் தரையில் பதித்து, சுவடு முழுதாக விழுந்தால் தட்டைப்பாதம் என்று முடிவு செய்து, உட்புறம் கெட்டியான நுரை வைத்த ஷூவைக் கையில் கொடுப்பார்கள். வளைவு உயரமாக இருந்தால் மெத்தையானது, நடுத்தரமானால் சாதாரணமானது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் பயிற்சிக்கு வந்த ஆயிரக்கணக்கானோரிடம் இந்த முறையைச் சோதித்தார்கள். ஒரு பாதிக்குச் சுவட்டின்படி ஷூ, மறு பாதிக்குச் சுவட்டைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே வகை ஷூ. காயங்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை. டென்மார்க்கில் 927 புதிய ஓட்டக்காரர்களுக்கு ஒரே சாதாரண ஷூவைக் கொடுத்து ஓராண்டு தொடர்ந்தபோதும், மிதமாக உள்சாயும் பாதங்களுக்குக் காயம் கூடுதலாக வரவில்லை. பாதம் தரையில் பட்டதும் உட்புறம் சாய்வது கோளாறே அல்ல, அதிர்வைத் தணிக்க உடல் வைத்திருக்கும் வழி அது. இயல்பைவிடக் கூடுதலாக உள்சாயும் பாதமுள்ளவர்களுக்கு மட்டும் தாங்கல் வைத்த ஷூ உதவக்கூடும் என்று 2016ல் வந்த லக்ஸம்பர்க் ஆய்வு ஒன்று காட்டுகிறது. அவர்கள் கடைக்காரரை நம்புவதைவிடப் பாத மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ ஒருமுறை பார்த்துவிடுவது மேல்.

வளைவைப் பார்த்து வகை பிரிப்பதில் செலவாகும் கவனத்தில் பாதியை அளவெடுப்பதில் காட்டினால் போதும், பெரும்பாலான தொல்லைகள் வரவே வராது. மாலையில் அளவெடுங்கள். பகல் முழுக்க நின்றும் நடந்தும் பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டுக்கொண்டு, தாளைச் சுவரை ஒட்டித் தரையில் வைத்து, குதிகால் சுவரைத் தொட நில்லுங்கள். இரண்டு கால்களிலும் முழு எடை இருக்க வேண்டும். உட்கார்ந்து அளந்தால் நீளம் குறைத்துக் காட்டும். மிக நீண்ட விரலின் நுனியில் கோடு போடுங்கள். பலருக்கு அது கட்டைவிரல் அல்ல, இரண்டாம் விரல். இரண்டு பாதங்களையும் அளந்து பெரியதை எடுத்துக்கொண்டு, அதோடு 10 முதல் 12 மி.மீட்டர் கூட்டுங்கள். ஷூவின் உள்நீளம் அவ்வளவு இருக்க வேண்டும். இந்தியாவில் புழங்கும் பிரிட்டிஷ் அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8.5 மி.மீட்டர். அரை எண் என்றால் நான்கு மி.மீட்டருக்குச் சற்று மேல். கட்டைவிரல் நகம் கறுப்பதற்கும் கறுக்காமல் இருப்பதற்கும் அந்த நான்கு மி.மீட்டர் போதும். அலுவலகத்துக்குப் போடும் ஷூவைவிட அரை எண் முதல் ஓர் எண் வரை பெரிதாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நீளத்தைவிட அதிகம் தவறுவது அகலத்தில்தான். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட இந்தியப் பாதங்கள் பொதுவாக அகலமானவை என்று தெரியவந்தது. அங்குள்ள அச்சில் வார்த்த ஷூவை நாம் போடும்போது சுண்டுவிரல் நசுங்குகிறது, அதைத் தவிர்க்க ஓர் எண் கூட்டி வாங்குகிறோம், உடனே குதிகால் தளர்ந்து உராய்ந்து கொப்புளம் வருகிறது. நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சரிக்கட்ட முடியாது. ஆண்களின் ஷூவில் 'டி' என்பது சாதாரண அகலம், '2ஈ' அகலமானது, '4ஈ' மிக அகலமானது. பெண்களின் ஷூவில் 'பி' சாதாரணம், 'டி' அகலம். இந்த எழுத்துகளைக் கேட்டு வாங்குங்கள். பெண்களுக்கான மாதிரியில் அகலம் கிடைக்காவிட்டால், குதிகால் தளராதபட்சத்தில் ஆண்களுக்கானதைப் போட்டுப் பார்க்கலாம்.

அகலத்தைக் கடையிலேயே சோதிக்க எளிய வழி உண்டு. உள்ளே இருக்கும் உள்ளட்டையை உருவி எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். விரல்களின் அடிப்பகுதியில் சதை ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகலானது. எவ்வளவு தள்ளுபடி இருந்தாலும் வேண்டாம். அடுத்து ஷூவின் இரு முனைகளையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் பாத வளைவு இழுபடும். பிறகு இரண்டையும் போட்டு, கயிற்றைக் கட்டி, கடைக்குள்ளேயோ வெளியிலேயோ ஓடிப் பாருங்கள். நடந்து பார்ப்பது போதாது. ஓடும்போது எந்த இடத்திலும் உறுத்தக்கூடாது, குதிகால் தூக்கக்கூடாது. "போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லப்படும் உறுத்தல் பொதுவாகச் சரியாவதில்லை, தோல்தான் காய்த்துப்போகும். வசதியாக உணரப்படும் ஷூவையே தேர்ந்தெடுப்பது காயத்தைக் குறைக்கலாம் என்பது கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் ஷூக்களை ஆராய்ந்த பென்னோ நிக் முன்வைத்த கருத்து. அது இன்னும் முழுமையாக நிரூபணமாகவில்லை என்றாலும், பாதச் சுவட்டைவிட நம்பகமான வழிகாட்டி.

வாங்கிய பிறகு வரும் சில தொல்லைகளைக் கயிற்றைக் கொண்டே தீர்க்கலாம். இறக்கத்தில் விரல் நகம் இடித்தாலோ குதிகால் வழுக்கினாலோ, மேலே பெரும்பாலும் காலியாகக் கிடக்கும் கடைசித் துளையைப் பயன்படுத்துங்கள். கயிற்றை அதே பக்கத்து இரு துளைகளிலும் கோத்துச் சிறு வளையமாக்கி, எதிர்ப்பக்கத்து நுனியை அந்த வளையத்துக்குள் நுழைத்து இறுக்கினால் கணுக்கால் பின்னுக்குப் பூட்டிக்கொள்ளும். மேற்பாதம் வலித்தால் அல்லது விரல்கள் மரத்தால், வலிக்கும் இடத்துக்கு நேரான துளையில் குறுக்கே கட்டாமல் பக்கவாட்டிலேயே மேலேற்றிவிடுங்கள். இவற்றுக்கும் அடங்காவிட்டால் ஷூதான் தவறு. நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்களுக்கு உறுத்தலே தெரியாது என்பதால், ஓடும் முன் ஷூவின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்ப்பதும், ஓடிய பின் பாதத்தைக் கண்ணால் பார்ப்பதும் அன்றாடப் பழக்கமாக வேண்டும்.

ஒரு ஷூ பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். வாரம் 20 கிலோமீட்டர் ஓடுபவருக்கு அது சுமார் ஆறு முதல் ஒன்பது மாதம். அடிரப்பர் தேயும் முன்பே நுரை செத்துவிடும் என்பதால் கீழே பார்த்து ஏமாறக்கூடாது. நடுநுரையின் பக்கவாட்டில் ஆழமான சுருக்கங்கள் நிலைத்துவிட்டதா, மேசையில் வைத்தால் ஒரு பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் வெவ்வேறு வகையில் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போடுவது நல்ல முதலீடு. 264 பேரை 22 வாரங்கள் கவனித்த இன்னொரு லக்ஸம்பர்க் ஆய்வில், அப்படிச் செய்தவர்களுக்குக் காய வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரே திசுவின்மீது ஒரே மாதிரிச் சுமை தினமும் விழாததால் இருக்கலாம்.

வெயிலும் ஈரமும் நம் ஊர் ஷூக்களின் எதிரிகள். மழையில் நனைந்ததை வெயிலிலோ வாகனத்துக்குள்ளோ காயவைத்தால் பசை விட்டுவிடும். உள்ளட்டையை உருவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கொருமுறை தாளை மாற்றி, நிழலில் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். பாலியூரித்தேன் அடிப்பாகம் உள்ள ஷூ என்றால் பத்திரப்படுத்தி வைப்பதிலும் பயனில்லை. காற்றின் ஈரம் அந்தப் பொருளின் சங்கிலிகளை மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும், சில ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த ஷூவும் முதல் ஓட்டத்திலேயே பொடிப்பொடியாக உதிரலாம். தள்ளுபடியில் பழைய சரக்கு வாங்கும்போது நாக்கின் உட்புறச் சீட்டில் தயாரிப்புத் தேதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.