மான்: ‘செய்தே தீரணும்’ என்பதற்கு ஸ்காட்ஸ் மொழியின் சொல்

ஸ்காட்லாந்தில் ஒரு பழமொழி உண்டு: ‘ஹீ தட் வில் டு கூப்பர், மான் டு கூப்பர்.’ கூப்பர் என்பது ஃபைஃப் பகுதியின் பழைய தலைநகரம், அந்த வட்டாரத்து வழக்குகளெல்லாம் அந்தக் காலத்தில் அங்கேதான் நடந்தன. கூப்பருக்குப் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவனைத் தடுத்துப் பயனில்லை, அவன் போய்த்தான் ஆகணும் என்பது பழமொழியின் கருத்து. பிடிவாதக்காரனிடம் பேசிக் களைத்தவர்கள் கடைசியில் சொல்கிற சொல்.

இதில் வரும் ‘மான்’தான் இன்றைய சொல். நம் காட்டு மானுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உச்சரிப்பும் ஊருக்கு ஊர் மாறும், சில ஊர்களில் ‘மான்’, சில ஊர்களில் கிட்டத்தட்ட ‘மோன்’. பழைய கையெழுத்துப் படிகளில் ‘மன்’, ‘மொன்’ என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். ‘மன்’ என்று எழுதினால் மனிதனைக் குறிக்கும் சொல்லுக்கும் அதே எழுத்துகள்தான், அதனால் பழைய ஸ்காட்ஸ் படிக்கப் புதிதாக உட்காருகிறவர்கள் முதல் பக்கத்திலேயே தடுக்கி விழுவார்கள்.

ஸ்காட்ஸ் என்றதும் பலர் கேலிக் மொழியை நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, கெல்டிக் குடும்பத்து மொழி. ஸ்காட்ஸ் ஆங்கிலத்தின் உடன்பிறப்பு, இரண்டும் பழைய ஆங்கிலத்திலிருந்து பிரிந்தவை. 1375-இல் ஜான் பார்பர் எழுதிய ‘புரூஸ்’ என்ற நெடும்பாட்டு அதன் முதல் பெரிய இலக்கியம், 1424 முதல் நாடாளுமன்றச் சட்டங்களையும் அந்த மொழியிலேயே எழுதினார்கள். சுமார் 1700 வரை உள்ளதைப் பழைய ஸ்காட்ஸ் என்பார்கள்.

சரி, ‘மான்’ எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்திலிருந்து இல்லை, வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து. அங்கே ‘முனு’ என்று ஒரு வினை இருந்தது, ‘மன்’, ‘முன்’ என்பவை அதன் நிகழ்கால வடிவங்கள். ஆனால் அதற்குக் கட்டாயப் பொருள் கிடையாது! வெறும் எதிர்காலம்தான், ‘வருவான்’, ‘நடக்கும்’ என்பது போல. ஐஸ்லாந்து மொழியில் இன்றும் ‘யேக் முன் கோமா’ என்றால் ‘நான் வருவேன்’, அவ்வளவுதான். இன்னும் ஆழமாகத் தோண்டினால் அடியில் ‘நினை’ என்ற பொருளுடைய ஓர் இந்தோ-ஐரோப்பிய வேர் கிடைக்கும். சமஸ்கிருத ‘மனஸ்’, லத்தீன் ‘மென்ஸ்’, ஆங்கில ‘மைண்ட்’ எல்லாம் அந்த வேரில் முளைத்தவை. நினைப்பது, அப்புறம் செய்ய எண்ணுவது, அப்புறம் செய்யப்போவது என்று வளர்ந்து, கடைசியில் ஸ்காட்ஸுக்கு வந்ததும் செய்தே தீர வேண்டியது என்று ஆகிவிட்டது.

வந்த வழியும் பலர் நினைப்பது போல இல்லை. வடக்கே ஷெட்லாந்து, ஆர்க்னி தீவுகளில் நார்ஸ் பேசினார்களே, அங்கிருந்து இறங்கியிருக்கும் என்று தோன்றும். ஆனால் தெற்கிலிருந்து ஏறியது இந்தச் சொல். 866-இல் வைக்கிங்குகள் யார்க் நகரத்தைப் பிடித்தார்கள், வட இங்கிலாந்து முழுக்க இரண்டு மொழிகளும் பல தலைமுறைகள் கலந்து கிடந்தன. பிறகு முதலாம் டேவிட் மன்னர் (1124–1153) ஸ்காட்லாந்தில் வணிக நகரங்களை நிறுவியபோது அந்த வட இங்கிலாந்து மக்கள் திரளாக வந்து குடியேறினார்கள், வணிகத்தோடு தங்கள் பேச்சையும் கொண்டுவந்தார்கள். யார்க்‌ஷயர் பேச்சில் ‘முன்’ என்று இதே சொல் நெடுங்காலம் இருந்ததற்கும் காரணம் அந்த மொழிக் கலப்புதான்.

எதிர்காலம் எப்படிக் கட்டாயமாகும் என்று கேட்கலாம். தமிழ் பேசுகிறவர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. ‘நடக்கறது நடந்தே தீரும்’ என்கிறோம். இந்த வாக்கியத்தில் ‘வேண்டும்’ எங்கே இருக்கிறது? இல்லை. ‘தீரும்’ என்பது எதிர்கால வடிவம்தான், ஆனாலும் தப்பிக்க வழியில்லை என்ற பொருள் அதிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஸ்காட்ஸில் இதற்கு நேரான பழமொழி ‘வாட் மான் பி, மான் பி.’ நார்ஸ் எதிர்காலமும் ஸ்காட்ஸ் கட்டாயமும் ஒன்றையொன்று தொடுகிற இடம் அது. எதை யாராலும் மாற்ற முடியாதோ, அது நடக்கும் என்பதும் நடந்தாக வேண்டும் என்பதும் ஒன்றுதானே.

அதனால்தான் ‘மான்’ என்பதற்கு ‘வேண்டும்’ என்று மட்டும் பொருள் எழுதிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. ‘வேண்டு’ என்றால் அடிப்படையில் விரும்பு. ‘வேண்டுதல் வேண்டாமை இலான்’ என்ற குறளில் அது தெளிவாக விருப்பம்தான், கோயிலில் வேண்டிக்கொள்கிறோம் என்பதிலும் அதுவே. விருப்பத்தில் பிறந்து கட்டாயமானது நம் சொல். ஆங்கிலத்தின் ‘மஸ்ட்’ இன்னொரு வழியில் வந்தது, அனுமதி இருப்பதைக் குறித்த பழைய ‘மோட்’ என்ற வினையின் இறந்தகால வடிவம் அது. ‘மான்’ விதியில் பிறந்தது. இதற்குப் பொருத்தமான தமிழ் ‘தீர்’, ‘ஆகு’ இரண்டும்தான்: போயே தீரணும், போய்த்தான் ஆகணும். ‘மான்’ வந்த பிறகு ‘போ’ என்ற வினையை விட்டுவிடுவதும் அந்த மொழியில் வழக்கம், கூப்பர் பழமொழியிலேயே போவது என்ற வினை கிடையாது, ‘கூப்பருக்கு மான்’ என்றால் போதும்.

இனி இதன் கூட்டாளி, எனக்கு இதைவிடப் பிடித்த சொல்: ‘பிஹூவ்.’ இது பழைய ஆங்கிலத்துச் சொத்து, தேவை என்ற பொருளுள்ள பெயரிலிருந்து வந்தது. பழைய ஸ்காட்ஸில் இதற்கு எழுவாயே கிடையாது. ‘அவன் போக வேண்டும்’ என்று சொல்ல, ‘அவனுக்குப் போவது தேவைப்படுகிறது’ என்கிற மாதிரி ஆளை நான்காம் வேற்றுமை போன்ற இடத்தில் வைத்துச் சொல்வார்கள். எனக்குப் பணம் வேண்டும், அவளுக்கு நேரம் வேண்டும் என்று நாம் சொல்வதன் அமைப்பு அப்படியே! வேகமாகப் பேசிப் பேசி அதன் நிகழ்கால வடிவம் ‘பஸ்’ என்று சுருங்கியது, இறந்தகாலம் ‘பூட்’ அல்லது ‘பியூட்’ என்று ஆனது. வேண்டும் என்பது நம் வாயில் ‘ணும்’ ஆகத் தேய்ந்த கதைதான் அங்கேயும். சுருங்கிய பிறகு இன்னொன்றும் நடந்தது. ‘அவனுக்கு’ என்பது போய் ‘அவன்’ என்று எழுவாய் வந்து உட்கார்ந்துகொண்டது. தமிழிலும் ‘எனக்குப் பணம் வேண்டும்’, ‘நான் போக வேண்டும்’ என்று இரண்டு அமைப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, அதிலும் பேச்சில் ‘எனக்குப் போகணும்’ என்றால் ஆசை, ‘நான் போகணும்’ என்றால் பெரும்பாலும் கடமை. எந்த உறவும் இல்லாத இரண்டு மொழிகள் ஒரே வாசலில் நிற்பதைப் பார்க்க உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

மூன்றாவது, கடன் வழி. ‘ஆஃக்ட்’ என்று ஒரு சொல், நடுவில் உள்ள ஒலியைத் தொண்டையில் உரசிச் சொல்லணும். ஆங்கில ‘ஆட்’ (ought) இதன் உடன்பிறப்பு. முதலில் இதற்கு உடைமை என்று பொருள், ‘இது யாருடையது’ என்று கேட்க இந்தச் சொல் பயன்பட்டது. பிறகு கொடுக்க வேண்டிய கடனைக் குறித்தது, அதிலிருந்து செய்ய வேண்டிய கடமைக்கு வந்தது. எட்டு என்ற எண்ணுக்கும் ஸ்காட்ஸில் இதே வடிவம்தான். 1496-இல் நான்காம் ஜேம்ஸ் காலத்தில், வசதியுள்ள நிலக்கிழார்கள் தங்கள் மூத்த மகன்களை எட்டு ஒன்பது வயதிலேயே பள்ளியில் சேர்க்கணும் என்று ஒரு சட்டம் போட்டார்கள், அதில் வரும் ‘ஆஃக்ட்’ வயதுதான், கடமை இல்லை.

‘சல்’, ‘சுல்ட்’ என்ற இணையும் கடனில் பிறந்ததுதான், ஆங்கில ‘ஷல்’, ‘ஷுட்’ இரண்டுக்கும் நேர். பழைய ஆங்கில நற்செய்தியில் ‘என் எஜமானுக்கு நீ எவ்வளவு கடன்பட்டிருக்கிறாய்’ என்று கேட்குமிடத்தில் நிற்பது இந்த ‘ஷல்’தான். ஜெர்மன் மொழியில் ‘ஷுல்ட்’ என்றால் இன்றும் கடனும் குற்றமும். ஸ்காட்லாந்து வழக்கறிஞர்கள் இரண்டையும் சேர்த்து ‘ஆஃக்ட் அண்ட் சுல்ட்’ என்று எழுதிவந்தார்கள், எதிராளி தப்பிக்க ஓட்டை இருக்கக் கூடாதென்று.

இதற்குத் தமிழ் எது? தேடவே வேண்டாம், கடன். ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்று புறநானூற்றில் பொன்முடியார் பாடும்போது அது கடமை, வங்கியில் அது காசு. சோழர் கல்வெட்டுகளில் ‘கடமை’ என்பது நிலவரிக்குப் பெயர். கோயில் விளக்குக்கு நெய் அளக்க ஒப்புக்கொண்டவர்கள் ‘எரிக்கக் கடவோம்’ என்று கல்லில் வெட்டிக்கொடுத்தார்கள், பழைய தமிழ் வேதாகமத்தில் ‘வெளிச்சம் உண்டாகக்கடவது’ என்று வருவதும் இதே வினைதான். ஆக, ‘ஆஃக்ட் அண்ட் சுல்ட்’ என்பதற்கு ‘கடவன்’, ‘கடப்பாடு உடையவன்’ என்று எழுதினால் அந்த நீதிமன்ற வாசனையும் கூடவே வரும். ‘செய்ய வேண்டும்’ என்று எழுதினால் வராது.

எதிர்மறையையும் சொல்லிவிடுகிறேன், இங்கேதான் மொழிபெயர்ப்பில் தவறு நடக்கும். ‘மான்னா’ என்றால் செய்யக் கூடாது. தேவையில்லை என்பதற்குப் பழைய ஸ்காட்ஸில் ‘தர்’ என்று தனி வினை இருந்தது, அதுவும் ‘அவனுக்கு’ என்று ஆளை நிறுத்தும் வகை, செய்ய வேண்டியதில்லை என்பது அதற்குச் சரி. துணிவைக் குறிக்கும் ‘டர்’ என்ற சொல்லோடு குழம்பிக் குழம்பி அது மறைந்தேபோனது.

‘மான்’ மறையவில்லை, ஆனால் ஏட்டிலிருந்து இறங்கிவிட்டது. 1560-இல் மதச் சீர்திருத்தம் வந்தபோது ஸ்காட்ஸ் மொழியில் அச்சிட்ட வேதாகமம் இல்லை, ஆங்கில வேதாகமத்தையே வாசித்தார்கள், 1579-இல் வசதியான ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கணும் என்று சட்டமே வந்தது. ஞாயிறுதோறும் காதில் விழுந்தது ‘மஸ்ட்.’ 1603-இல் அரசரும் லண்டனுக்குப் போய்விட்டார், எழுதுகிறவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். இன்றைய ஸ்காட்லாந்துப் பேச்சில் கட்டாயத்தைச் சொல்ல ‘ஹே டே’, ‘நீட் டே’ (ஆங்கிலத்தின் ‘ஹேவ் டு’, ‘நீட் டு’) இரண்டும் முன்னால் நிற்கின்றன. ‘மான்’ பாட்டிலும் பழமொழியிலும் முதியவர்கள் வாயிலும் இருக்கிறது. விருந்துக்குப் போன வீட்டில் எழுந்து நின்று ‘ஐ மான் அவா’ என்பார்கள். நேரமாச்சு, நான் கிளம்பியாகணும்.