‘ஆயில் பிரஷர்’: அளவா, அழுத்தமா?

மதுரையில் ஒருவர் “எனக்கு பிரஷர் இருக்கு” என்றால் மாத்திரை சாப்பிடுகிறார் என்று பொருள். தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றிவந்து, ரிங் ரோட்டில் ஓரங்கட்டி நிற்கும் டிரெய்லர் டிரைவர் “பிரஷர் இல்லண்ணே” என்றால் அது அதைவிடப் பெரிய வியாதி. அவர் சொல்வது ஆயில் பிரஷரை, அதாவது எஞ்சினுக்குள் ஓடும் ஆயிலின் அழுத்தத்தை.

ஆயில் ஆங்கிலம் வழியாக வந்த சொல். அதன் வேர் லத்தீன் ‘ஓலியம்’, அதற்கும் முன்னால் கிரேக்க ‘எலையோன்’. ஆலிவ் எண்ணெய்க்குத்தான் முதலில் அந்தப் பெயர். நம் எண்ணெயின் கதையும் அதேதான்: எள் + நெய். ஒரு விதையின் நெய்க்கு வைத்த பெயர் எல்லாவற்றுக்கும் பரவிவிட்டதால், எள்ளின் எண்ணெயைத் தனியாகச் சொல்ல ‘நல்லெண்ணெய்’ தேவைப்பட்டது. எள் வாசமே படாத மண்ணெண்ணெய்க்குள்ளும் எள் உட்கார்ந்திருக்கிறது!

பிரஷருக்கும் லத்தீன் வேர்தான். அமுக்குதல் என்று பொருள். தமிழில் அழுத்தம். ஐப்பசி, கார்த்திகையில் ‘காற்றழுத்தத் தாழ்வு நிலை’ கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதல்ல.

எஞ்சின் ஆயிலுக்கு உயவு எண்ணெய், மசகு எண்ணெய் என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. எனக்கு மசகுதான் பிடிக்கும். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சில் தடவினார்களே, அந்த மைக்கு மசகு என்று பெயர். எஞ்சினுக்குள்ளும் அதே வேலைதான். ஆகவே ‘மசகெண்ணெய் அழுத்தம்’. ஒர்க்ஷாப்பில் யாரும் அப்படிச் சொல்லப்போவதில்லை, சரி. ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு.

‘ஆயில் கம்மி’ வேறு, ‘ஆயில் பிரஷர் கம்மி’ வேறு. முன்னது அளவு, பின்னது அழுத்தம். டேஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கு எண்ணெய்க் குவளை வடிவத்தில் இருப்பதால், ஆயில் தீர்ந்துவிட்டது என்று நினைத்து இரண்டு லிட்டர் ஊற்றிவிடுகிறார்கள். அளவு உண்மையிலேயே குறைந்திருந்தால் அது சரி. இல்லையென்றால், எஞ்சினுக்குள் சுழலும் முக்கிய அச்சான கிராங்க் ஷாஃப்ட் அந்த அதிகப்படி ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் ஏது?

ஆயில் பம்ப் தருவது ஓட்டத்தை மட்டும்தான். கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்குகளின் குறுகிய இடைவெளி அந்த ஓட்டத்தைத் தடுக்கும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினால் பம்ப் புதிதாக இருந்தும் அழுத்தம் இறங்கும். காலையில் நன்றாகக் காட்டும் கேஜ், எஞ்சின் சூடேறி ஐடிலிங்கில் நிற்கும்போது மட்டும் விழுந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். ஆயில் நீர்த்துப்போயிருந்தாலும் இப்படி ஆகும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை அடித்து, ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் எங்கோ டீசல் கசிந்து கலக்கிறது. பால் காப்பி நிறமென்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே போயிருக்கிறது. இரண்டிலும் கசிவை அடைக்காமல் ஆயில் மட்டும் மாற்றுவது வீண் செலவு.

ஆயில் தங்கும் தொட்டியைச் சம்ப் என்கிறோம்; வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்கும் அதே பெயர். அதன் பழைய ஜெர்மானிய மூலத்துக்குச் சதுப்பு நிலம் என்று பொருள். காலத்தில் ஆயில் மாற்றாத வண்டியில் அது நிஜமாகவே சதுப்பாகி, பம்ப் உறிஞ்சும் வாயிலுள்ள ஸ்ட்ரெய்னர் என்ற சல்லடை அடைத்துக்கொள்ளும். சம்பைக் கழற்றிக் கழுவ வேண்டியதுதான். அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டு அழுத்தம் இறங்குவதும் உண்டு.

விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். கப்பலூர் வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாம் என்பது கிராங்க்கையே விலை பேசுவது. அப்புறம், எஞ்சினை இறக்கச் சொல்வதற்கு முன் ஆயில் பிரஷர் சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்தத்தை நேரடியாகக் காட்டும் மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சில நேரம் கெட்டுப்போயிருப்பது சென்சார் மட்டும்தான்.